பன்னிரண்டாம் அத்தியாயத்தில் செத்தவன்

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே நான் ஒரு நாவல் எழுதினேன். மழையே இல்லாத ஒரு வருங்காலம். வறண்ட ஏரியைச் சுற்றி, தோளில் தண்ணீர் கேனோடு இளைஞர்களை ஓடவிடுகிறது அரசாங்கம். கேனை இறக்கினால் சாவு, வேகம் குறைந்தாலும் சாவு. கடைசியாக மிஞ்சுபவனின் ஊருக்கு மட்டும் தண்ணீர்.

அதில் ஒரு பாத்திரம் அப்படியே என் நண்பன். ஒலக்கூர்ப் பக்கம் ஊர். அப்பா அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கக் கூலிக்குப் போவார்கள். அவன் போலீஸ் வேலைக்காகத் தினமும் காலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவனைக் கொன்றுவிட்டேன்.

உடல்தகுதித் தேர்வன்று துணைக்கு நானும் விழுப்புரம் போனேன். பதற்றம் தெரியாமல் இருக்கட்டும் என்று பஸ்ஸில், நாவலில் அவன் வரும் பகுதி இருந்த நோட்டைக் கொடுத்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது நிமிர்ந்தான்.

"ஏண்டா, என்னைச் சாவடிச்சிட்டியா?"

"கதைதானடா."

"அத வுடு. நான் வுழுந்தா பக்கத்துல ஓடிக்கினு இருக்கறவன் திரும்பிக்கூட பாக்க மாட்டானா?"

"பாத்தா அவன் செத்துடுவான்."

"இருந்தாலும் பாப்பான்டா. நீ ஓடுனதில்ல, ஒனக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. நோட்டை வாங்கிப் பையில் போட்டேன்.

மைதானத்தின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மூன்றாவது சுற்றில் அவன் விலாவைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். பச்சைப் பனியன் போட்ட ஒரு நெட்டையன் மட்டும் வேகத்தைக் குறைத்து அவனோடு சேர்ந்து ஓடினான். ஏதோ சொன்னான். நேரம் முடிய ஒரு மூச்சு இருக்கும்போது இருவரும் கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்தார்கள்.

வெளியே டீக்கடையில் அந்த நெட்டையனிடம் கேட்டேன், "உனக்கு லேட் ஆயிருந்தா?"

"மனசுக்குள்ள எண்ணிக்கினுதாண்ணா ஓடுனேன். கொஞ்சம் டைம் மிச்சம் இருந்துச்சு. மேல்சித்தாமூர்லேர்ந்து தனியா வந்தேனா, பேச்சுத் தொணைக்கு ஒரு ஆள் கெடச்சா நல்லாருக்கும்னு பாத்தேன்."

அவ்வளவுதான் காரணம். எனக்குத் தோன்றவே தோன்றாத காரணம்.

அந்த அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுதினேன். சாகடிப்பதைவிடப் பிழைக்க வைப்பது கஷ்டமாக இருந்தது. ஒரு வருடம் ஆனது. அந்த முறை நெட்டையனுக்கு வேலை கிடைத்தது, நண்பனுக்குக் கிடைக்கவில்லை. மறுபடி தேர்வு எழுதினான், மறுபடி ஓடினான். அடுத்த வாரம் பயிற்சிக்குக் கிளம்புகிறான். டிரங்குப் பெட்டி வாங்க வேண்டுமாம், சாயங்காலம் கடைக்கு நானும் கூடப் போகிறேன்.