எல்லா ஃபைலுக்கும் சாமி துணை

என் வேலை என்னவென்று சொன்னால் தெருவில் சிரிப்பார்கள். கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்குவேன், டிஸ்க்கை நிரப்புவேன், இல்லாத சேட்டையெல்லாம் செய்வேன். அதற்குப் பிறகும் எழுதினது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை. குற்றாலத்தில் சாரல் கட்டினால் பிடுங்கவே வேண்டாம், கரண்ட் தானே போய்விடும்.

எதிர்வீட்டு அண்ணாச்சி போலீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் மனைவி, எனக்கு மதினி, செத்துப்போனதும், அவள் சொன்னதெல்லாம் மறப்பதற்குள் ஒற்றை விரலால் டைப் அடித்து வைத்தார். ஒரு நினைவுக்கு ஒரு ஃபைல், நாற்பத்தோரு ஃபைல். ஃபைல் பேரெல்லாம் இப்படித்தான் தொடங்கும்: 'பண்பொழி திருமலைக்குமாரசாமி துணை என் மனைவி எனக்குச் சொன்னதும் நான் அவளுக்குச் சொல்லாமல் விட்டதும்'. அப்புறம்தான் 'ரசம்', 'கடையம் பஸ்' என்று வரும். சாமி பேரில்லாமல் அவர் எதையும் தொடங்கமாட்டார்.

புதுக் கம்ப்யூட்டருக்கு அதையெல்லாம் நான்தான் மாற்றிக்கொடுத்தேன். பேர் நீளமென்று அது முரண்டு பிடித்தது. நீளத்தை வெட்டி ஏற்றும்படி நாலு வரி ப்ரோகிராம் எழுதி ஓடவிட்டேன். "எல்லாம் ஏறிட்டு அண்ணாச்சி, பழசத் தூக்கிப் போடுங்க" என்றேன். மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

அப்புறம் பார்த்தால், ஏறியிருந்தது ஒரே ஃபைல். இங்கிலீஷ் எழுத்தைவிடத் தமிழ் எழுத்து மூன்று பங்கு இடம் பிடிக்கும். வெட்டினதில் சாமியும் தலைப்பும் மட்டும் மிஞ்சி, நாற்பத்தொன்றுக்கும் ஒரே பேர். ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, கடைசியாக ஏறினது மட்டும் தங்கியிருக்கிறது. நீளமான பேரை ஏற்குமா என்று ஆபீஸுக்காக இங்கிலீஷ் 'A' எழுத்தை வரிசையாக இருநூறு தடவை அடித்துச் சோதித்தவள் நான். நம்ம ஊர்ப் பேர் ஒன்றை அடித்துப் பார்க்கத் தோணலியே! திறந்துகூடப் பார்க்கலியே, சீ!

இரும்புக்கடைக்கு ஓடினேன். எல்லாம் உடைத்து லோடு போயிருந்தது. அண்ணாச்சியிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"அழாதட்டி. அவ சொன்னது எனக்கு மறக்குமா? நான் சொல்லுதேன், நீ அடி."

தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். "பேருக்கு வெறும் நம்பர் போடுட்டி, சாமிய எதுக்கு இழுக்கணும்?" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. 'முருகன் துணை 1' என்று போட்டேன். ரசம் அப்படியே வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடையம் பஸ் வந்தது. "படில கால் வச்சுட்டு, திரும்பி என்னயப் பாத்து ஒண்ணு சொன்னா..." என்றவர் நிறுத்திவிட்டார். ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ என்ன சொன்னான்னு வரமாட்டேங்குதுட்டி. அதான் எழுதி வச்சாச்சேன்னு விட்டுட்டேன்."