குறுக்கே போகிறவள்

எதிர்ப்பக்கத்துக் கேட்டின் சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்து, அப்புறமும் மனசு ஆறாமல் இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்க்கிறாள் தாம்சின் பெங்கெல்லி. பின்னால், கூப்பிடு தூரத்தில், கோதுமை மூட்டைகள் ஏற்றிய ரயில் புகையைக் கக்கிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் ஐசக் ஹாக்கிங் எஞ்சினுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கத்துகிறார்.

"பெங்கெல்லியம்மா! துறையில கப்பல் காத்துக் கிடக்கு!"

"அதுக்கென்ன, எம்மாடும் தண்ணிக்குக் காத்துக் கிடந்துச்சு!"

"ரயிலு போனப்புறம் தாண்டக் கூடாதா?"

"நான் தாண்டினப்புறம் நீ போறியே, அது போதாதா?"

பசுவின் பெயர் பிளாசம். வயதான பசு, அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. தாம்சினின் தோளில் ஒரு மரத்தண்டு, அதன் இரு முனையிலும் வாளி. காலில் கணவனின் பழைய சுரங்க பூட்ஸ், தலையில் பிடரியை மறைக்கும் வெள்ளைக் குல்லாய். இந்தக் கோலத்தில் காலையும் மாலையும் அவள் தண்டவாளத்தைத் தாண்டுகிறாள். ரயில் வராத நேரத்தில் தாண்டினால் ஒருவருக்கும் தொல்லையில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் யாரும் பார்க்காமல் தாண்டி என்ன பிரயோஜனம் என்பது அவள் கட்சி.

தாண்டும்போது அவள் ரயிலை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதில் ஒரு நாளும் ஏறியதில்லை. மாமியார் வீட்டுச் சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட மருமகள் மாதிரி, அது வருவதும் போவதும் தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நடந்துகொள்கிறாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும், தேநீர் கொடுப்பதற்கு முன்னால் கேட்டைக் காட்ட அழைத்துப் போவாள். "கம்பெனி போட்டது. பெயின்ட் அடிக்கிறதும் அவங்கதான். நான் சும்மா சாத்துறதோட சரி" என்று சொல்லும்போது முகத்தில் நிற்கும் பெருமை, பெரிய பண்ணைக்காரர்களுக்குக்கூடத் தங்கள் கல்வீட்டைக் காட்டும்போது வருவதில்லை.

அடிலெய்டில் நாடாளுமன்றம் கூடி அந்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது அவளுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உள்நாட்டிலிருந்து துறைமுகம் வரை கம்பெனி ரயில்பாதை போடலாம். வழியில் வரும் நிலத்தை விலை கொடுத்து எடுக்கலாம். டன்னுக்கு இவ்வளவு, குதிரைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று மைலுக்கு மைல் கட்டணம் வசூலிக்கலாம். பாதை பெங்கெல்லி நிலத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. வீடு இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து வைத்து, கணவன் ஜெத்ரோ சட்டத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னான். தாம்சினுக்கு எழுத்து தெரியாது. கட்டணப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தபோது உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் கத்தி நின்றது.

"அதை மறுபடி படி" என்றாள்.

யாருடைய நிலம் இரண்டாகப் பிளக்கப்படுகிறதோ அவர்களுக்குக் கம்பெனி கேட்டும் வழியும் போட்டுத் தர வேண்டும்; என்றென்றைக்கும் பழுது பார்த்துவர வேண்டும். கூடவே, அந்தக் கேட்டைச் சாத்திச் சங்கிலி மாட்டாமல் போகிறவர் யாராயிருந்தாலும் இரண்டு பவுன் அபராதம்.

அன்றிலிருந்து அது அவளுடைய சட்டம். "எனக்காகப் போட்டது. போற போக்குல ஒரு ரயிலையும் விட்டுக்கிட்டாங்க" என்பாள். சிரிக்காமல்தான் சொல்வாள்.

இந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். ஆட்டுக்கே ஆகாது. ஜெத்ரோ தோண்டிய கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். செப்புச் சுரங்கத்தில் கற்ற வித்தையை வைத்துக்கொண்டு, சுண்ணாம்புப் பாறையை வெடிவைத்துப் பிளந்து, ஒற்றை ஆளாக இறங்கித் தோண்டினான். சுரங்கத்துத் தூசியும் இந்தக் கிணற்றுத் தூசியும் சேர்ந்து அவன் நெஞ்சில் குடியேறிவிட்டன. இப்போது ஜன்னலோரத்து நாற்காலிதான் அவன் உலகம். ஒரு வாய் பேசினால் ஒரு மிடறு தண்ணீர் வேண்டும்.

ரயில் எஞ்சினும் அப்படித்தான். உப்புத் தண்ணீர் கொதிகலனைத் தின்றுவிடும். கம்பெனி எங்கிருந்தோ தொட்டி வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறது. தண்டவாளத்துக்குக் கல்லெறி தூரத்தில் பெங்கெல்லி கிணறு இனித்துக் கிடக்கிறது. தாண்டும் வழி பறிபோனால், கிணறு இருக்கும் அந்தத் துண்டு நிலம் தாம்சினுக்கு உதவாது. உதவாத நிலத்தைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். கம்பெனியின் கண் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம். மற்ற பண்ணைக்காரர்கள் தங்கள் கேட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகிறார்கள். பாதை நெடுக மிஞ்சியிருப்பது இவள் கேட் ஒன்றுதான்.

புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர் விக்கரி இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். நல்ல மனிதர், மெழுகு தடவிய மீசை, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். முதலில் நைச்சியமாக, எழுதிக் கொடுத்தால் ஒரு தொகை என்றார். "கிணத்தை உருட்டி இந்தப் பக்கம் கொண்டாந்து குடுங்க, எழுதித் தர்றேன்" என்றாள் தாம்சின். அடுத்து அவர் கட்டணப் பலகையைக் கையில் எடுத்தார். ஒரு சனிக்கிழமை, பிளாட்பாரத்தில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம், வெண்ணெய் விற்க வந்தவளை நிறுத்தினார்.

"மாடு ஒண்ணுக்கு மைலுக்கு ரெண்டு பென்ஸும்மா. பாருங்க, எழுதியிருக்கு. நாடாளுமன்றம் போட்ட கட்டணம், நான் போட்டதில்ல."

"எனக்குப் படிக்கத் தெரியாது. மைலுக்கா?"

"மைலுக்கு."

"எம்மாடு உங்க பாதை மேலயா போவுது? குறுக்கேல்ல போவுது."

"கம்பெனி நிலத்துல கால் வச்சா ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"அப்ப சரி, விக்கரி ஐயா. நாளைக்கே ஒரு மைலு ஓட்டிட்டுப் போறேன். தண்டவாளத்துக்கு நடுவால, துறைமுகத்தைப் பாத்து. அது மேய நின்னா நானும் நிப்பேன். சாணி போட நின்னா நிப்பேன். உங்க ரயிலு பின்னாலயே பைய வரட்டும். ஊரு போய்ச் சேர்ந்ததும் ரெண்டு பென்ஸையும் எண்ணி வைக்கிறேன்."

பிளாட்பாரம் கொல்லென்று சிரித்தது. விக்கரியும் கொஞ்சம் சிரித்துவிட்டார். அதனால்தான் அவரை நல்ல மனிதர் என்றது. ஆனால் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, மைலெல்லாம் வேணாம். வருஷத்துக்கு ஒரே ஒரு பென்னி. பேருக்கு. ரசீது போட்டுத் தர்றேன், யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க" என்றார்.

தாம்சின் இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் நுழைத்துக்கொண்டாள். வெண்ணெய் விற்ற காசு உள்ளேதான் இருந்தது. கையை வெளியே எடுக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

அன்று ஜெத்ரோவே கேட்டான். "ஒரு பென்னிதானே தாம்சின். குடுத்துத் தொலைச்சா என்ன? உன் முதுகு ஒடியுதே."

"குடுத்தா அது அவங்க விட்ட வழி. இன்னிக்கு விடுவாங்க, நாளைக்கு மறிப்பாங்க. குடுக்காத வரைக்கும் அது என் வழி."

"நான் ரொம்ப நாள் குடிக்கப் போறதில்லை அந்தத் தண்ணியை."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் என்று அவள் சொன்னாள், கண் நிறைந்திருந்தது. டம்ளரை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள். "நீ செத்தாலும் உன்னைக் குளிப்பாட்ட அந்தத் தண்ணிதான். தோண்டினவன் நீ. உப்புத் தண்ணியில உன்னைக் கழுவி அனுப்புவேன்னு பாத்தியா?"

ஜெத்ரோ டம்ளரை எடுத்துக் குடித்தான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

ஒரு நாள் காலை பார்த்தால் கேட்டுகள் இல்லை. இரண்டு பக்கத்திலும் கம்பங்களோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். குழியை மண் போட்டு மூடி மிதித்துச் சமன் செய்திருந்தார்கள். மராமத்துக்கு எடுத்திருக்கிறது என்றார் விக்கரி. எப்போது திரும்பி வரும் என்று கேட்டதற்கு மீசையைத் தடவினார். அந்த இடத்தில் ஒரு பலகை முளைத்திருந்தது. கேட் உள்ள இடத்தில் தாண்டினால் உரிமை. கேட் இல்லாத இடத்தில் தண்டவாளத்தில் கால் வைத்தால் அத்துமீறல். அத்துமீறினால் கைது. ஊர் முழுக்க இதையேதான் பேசிற்று. சிலர் அவளுக்காக வருந்தினார்கள். சிலர் கம்பெனியோடு மல்லுக்கட்டினால் இப்படித்தான் என்றார்கள். அன்று அவள் தாண்டவில்லை. பலகையையும் மூடிய குழிகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினாள். ஜெத்ரோவுக்குப் பானையின் அடித்தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தாள். பிளாசம் இரவெல்லாம் கத்தியது.

மறுநாள் காலை பலகைக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள் டூலன் நின்றுகொண்டிருந்தார். கனத்த உடம்பு, கால் ஆணி, ஐரிஷ்காரர். கம்பெனிக்குக் காவல் நிற்பது அவருக்குப் பிடித்தமான வேலையில்லை. கொஞ்சம் தள்ளி, சாட்சிக்கு விக்கரியும் இருந்தார். ரயில் வளைவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஊர் ஆட்கள் சிலர் வேலை இருப்பதுபோல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

தாம்சின் மாட்டோடும் வாளிகளோடும் வந்தாள். துவைத்த ஏப்ரன் கட்டியிருந்தாள். கேட் இருந்த இடத்தில் நின்றாள். வாளிகளை இறக்கி வைத்தாள். கையை நீட்டி, இல்லாத கொக்கியிலிருந்து இல்லாத சங்கிலியைக் கழற்றினாள். இல்லாத கேட்டைத் தள்ளி, அது திறக்கும் அளவுக்குப் பக்கவாட்டில் நடந்து, மாட்டைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினாள். பிளாசம் பழகிய இடத்தில் பழகியபடி நின்று, கேட் திறந்ததும் உள்ளே போயிற்று. தாம்சின் தண்டையும் வாளிகளையும் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, திரும்பிச் சாத்தினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாக்கிங் எஞ்சினை நிறுத்திவிட்டார். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்துக் கேட்டையும் அதே மாதிரி திறந்து, மாட்டை அனுப்பி, சாத்தி, கொக்கி மாட்டிவிட்டு அவள் கிணற்றைப் பார்த்து நடந்தாள்.

"என்ன நிக்கிறீங்க? அத்துமீறிட்டாங்க, பிடிங்க!" என்றார் விக்கரி.

டூலன் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடினார். "நில்லுங்கம்மா! பெங்கெல்லியம்மா, சட்டத்தின் பேரால நில்லுங்க!"

தாம்சின் நின்றாள். திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை, அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். முகம் சிவந்தது.

"கேட்டைத் திறந்து போட்டுட்டு வர்றீங்களே! கூறு இருக்கா உங்களுக்கு? ரயிலு நிக்குது, மாடு நிக்குது. ரெண்டு பவுனு அபராதம் யாரு கட்டுறது, உங்கப்பனா?"

வாழ்நாளெல்லாம் பண்ணைகளைச் சுற்றி வந்த மனிதர் டூலன். திறந்த கேட் என்ற சொல் காதில் விழுந்ததும், மூளை குறுக்கே வருவதற்குள் அவர் கை பின்னால் போய்விட்டது. காற்றைப் பிடித்து இழுத்துச் சாத்தினார்.

"சாத்திட்டாரு!" என்று எஞ்சினிலிருந்து ஹாக்கிங் கூவினார். "கான்ஸ்டபிளே கேட்டைச் சாத்தினாரு! நான் பாத்தேன், எல்லாரும் பாத்தாங்க!"

"என்னய்யா பண்றீங்க, அங்க கேட்டே இல்லையே!" என்று விக்கரி அலறினார். டூலன் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

தாம்சின் தோளிலிருந்து தண்டை இறக்கி, வாளிகளைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "சாத்தினா ஆச்சா? சங்கிலி?" என்று முனகிக்கொண்டே அவரை ஒரு ஓரமாக நகர்த்தினாள். சங்கிலியைக் கொக்கியில் மாட்டினாள். ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். அப்புறமும் மனசு ஆறாமல், இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள்.