மாதம்மா கொடுத்த நம்பர்

ஏரியூர் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் எழுதியது ஒரே ஓர் ஆய்வுப் பேப்பர். அதில் நான் செய்த தவறை இளைய டாக்டர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

1. எல்லாக் கட்டத்திலும் நான்

சர்க்கரை நோயாளிகளுக்கு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாத்திரை கொடுப்போம். பலர் வரமாட்டார்கள். முறைப்படி அனுமதி வாங்கி, முந்தின நாள் செல்போனில் நினைவூட்டல் மெசேஜ் போக ஏற்பாடு செய்தேன். வருகை கூடியது. ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. இத்தனை காலம் இங்கே கிடந்ததற்கு என் பெயரில் ஒன்றாவது அச்சில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை என்ன, வெறி.

டிஜிட்டல் ஹெல்த் ஜர்னல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓ.பி. முடிந்த மதியங்களில் எழுதினேன். படித்துப் பார்த்துத் திட்டக்கூட ஆள் கிடையாது. சப்மிஷன் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்: யோசனை யாருடையது, தகவல் திரட்டியது யார், எழுதியது யார். எல்லாக் கட்டத்திலும் என் பெயரையே போட்டேன். எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2. ரிவ்யூவரின் கேள்வி

சில மாதம் கழித்து, பேப்பரைப் பரிசீலித்த ரிவ்யூவர் கேட்டார்: மெசேஜை நோயாளிதான் படித்தார் என்று எப்படி உறுதி செய்தீர்கள்? எனக்குச் சுர்ரென்று கோபம். டெலிவர்ட் என்று ரிப்போர்ட்டே இருக்கிறதே! அறையில் யாரும் இல்லாததால் அவரைச் சத்தமாகவே திட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வரிசையில் முதல் ஆள் மாதம்மா. ஒரு மாதம்கூடத் தவறாதவர்.

“ஏம்மா, நேத்து மெசேஜ் வந்துச்சா?”

“எனக்கேதுங்க டாக்டரம்மா போனு? நான் குடுத்தது எம் பையன் நம்பருங்க. பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போறான்.”

“அப்புறம் எப்படி நாள் தவறாம வர்றீங்க?”

“மெசேஜப் பாத்துட்டுப் பக்கத்து வூட்டுக்குப் போன் போட்டு என்னக் கூப்புடுவானுங்க. மாத்திரைக்குப் போம்மான்னுவான். முன்னெல்லாம் தீவாளிக்குப் பேசுனாலே பெருசுங்க.”

தலையில் கைவைத்துக்கொண்டேன். நம்பர்களைப் பதிந்தது நானேதான். யாருடைய போன் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் பிள்ளைகள் வெளியூரில்; நம்பர் கேட்டால் பிள்ளையின் நம்பரைத்தான் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா?

கட்டுரையின் குறைகளைச் சொல்லும் பகுதியில் ஒரு வரி சேர்த்துத் தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ரெஜிஸ்டரை எடுத்து ஒவ்வொருவராக விசாரித்தேன். பலருக்கும் மாதம்மா கதைதான். மெசேஜ் நோயாளியை வரவழைக்கவில்லை, பிள்ளையைப் பேசவைத்திருக்கிறது. தலைப்பு முதல் முடிவு வரை திருத்தி எழுதினேன். ஜர்னல் தள்ளிவிட்டால் இன்னொன்று எழுத எனக்குக் காலம் இல்லை. பயந்துகொண்டேதான் அனுப்பினேன்.

3. ஏற்றுக்கொண்ட பிறகு

ஒரு மதியம் ‘அக்செப்டட்’ என்று வந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வரை வைத்திருந்து மாதம்மாவிடம் சொன்னேன்.

“நல்லதுங்க. மெசேஜு நின்னுராதுங்களே?”

ஆய்வு முடிந்துவிட்டது, நேற்றுப் போனதுதான் கடைசி மெசேஜ் என்றேன். முகம் சுண்டிப்போயிற்று.

“மாத்திரைக்கு நானே வந்துருவேனுங்க. அவன் பேசமாட்டானே, டாக்டரம்மா.”

ஆய்வு முடிந்தபின் இவர்களுக்கு என்ன ஆகும் என்று அந்தப் பேப்பரில் நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. நீங்கள் அதை முதலிலேயே யோசித்துவிடுங்கள், எந்த ஜர்னலும் கேட்காவிட்டாலும்.

பையனுக்கு நானே மெசேஜ் அனுப்பட்டுமா என்று மாதம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். ஓய்வு பெற்றுத் தருமபுரிக்கு வந்த பிறகும் மாதாமாதம் அனுப்புகிறேன். அவனிடமிருந்து பதிலே வராது. போன மாதம் முதல் தடவையாக வந்தது:

“அம்மாகிட்ட பேசிட்டேங்க மேடம். நீங்க நல்லா இருக்கீங்களா?”

என்னை அப்படி ஒருவர் கேட்டு ரொம்ப நாளாயிற்று.