கபர்களை விட்டு வரச் சொன்னவர்

மாமசாலி மைக்கைப் பிடித்தால் கல்யாண வீட்டில் அழுகிற குழந்தைகூட அடங்கிவிடும் என்று ஜாங்காக்சாய் ஊரில் சொல்வார்கள். சுற்று வட்டாரத்தில் எந்த விருந்து நடந்தாலும் பேசி நடத்துவது அவர்தான். பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் மாற்றி மாற்றிச் சீண்டுவார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த சம்பந்திகள் கறிச்சோறு வருவதற்குள் தோளில் கை போட்டு ஆடுவார்கள். தேர்தல் வந்தால் அதே தொண்டை மேடைக்குப் போகும். எந்தக் கட்சி என்றெல்லாம் அவர் பார்த்ததில்லை. ஆட்சியில் இருப்பவர்கள் வண்டி அனுப்புவார்கள், ஏறிக்கொள்வார்.

ஊர் இரு நாட்டு எல்லையை ஒட்டி இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் கிர்கிஸ் வீடுகள், அந்தப் பக்கம் தாஜிக் வீடுகள். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக் கல்யாணங்களிலும் மாமசாலி பேசியிருக்கிறார். பிறகு கால்வாய்த் தண்ணீருக்காகக் கல்லெறியில் தொடங்கும் சண்டைகள் துப்பாக்கியில் போய் முடிந்தன. அவர் விருந்து நடத்திக் கல்யாணம் செய்துவைத்த ஒரு பையன் அதில் செத்தபோது, சடலத்தை வைத்த சந்தூக்கை அவரே தோளில் சுமந்தார். அதற்குப் பிறகு சில மாதம் அவரால் நகைச்சுவையாகப் பேசவே முடியவில்லை.

கடைசியில் இரண்டு தலைநகரங்களும் பேசி முடித்து வரைபடத்தில் கோடு போட்டன. ஜாங்காக்சாய் அந்தப் பக்கம் போனது. பதிலுக்கு எங்கோ ஒரு மேய்ச்சல் நிலமும் ஒரு சாலையும் இந்தப் பக்கம் வந்தன. ஊரைக் காலி செய்யச் சொல்லிக் கூட்டம் போட வந்த மாவட்டத் துணைத் தலைவர் தாலாய்பெக்கைப் பெண்கள் பேசவே விடவில்லை. அவர் நேராக மாமசாலியின் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, நான் வாயத் தொறந்தா கல்லெடுக்குறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. இன்னொரு தரம் நம்ம பசங்க சாகணுமா, சொல்லுங்க?”

“வீடு எப்படி?”

“குளியலறையோட. தண்ணி, கரண்ட் எல்லாம் உண்டு.”

“நம்மவங்களை அடக்கின கபரு?”

தாலாய்பெக் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். “வருஷத்துக்கு ரெண்டு தரம் எல்லை வாசலைத் தொறந்து விடுவாங்க. ஒப்பந்தத்துலயே இருக்கு.”

“நீ கண்ணால பாத்தியா தம்பி?”

“பாக்காமலா உங்ககிட்ட வந்து சொல்வேன்?”

மாமசாலி நம்பினார். சந்தூக்கு சுமந்த தோள் அது, நம்பத்தான் விரும்பியது.

வீடு வீடாகப் போனார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், அழ வேண்டிய இடத்தில் அழுதார். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் கல்முர்சா மட்டும் முற்றத்தைவிட்டு உள்ளே விடவில்லை. அவன் தாயை அடக்கம் செய்து ஒரு குளிர்காலம்கூடக் கழியவில்லை.

“எங்கம்மாவை முள்வேலிக்குள்ள போட்டுட்டு வரச் சொல்றீங்களா? உங்க தொண்டையக் கல்யாணத்துல காட்டுங்க, இங்க வேணாம்.”

“உங்கம்மாவுக்குப் பக்கத்துல யாரு படுத்திருக்கா? என் சூராகான். என் பொண்டாட்டியை விட்டுட்டு நான் வர்றேன்டா. பொய் சொல்றவன் அப்படி வருவானா?”

கல்முர்சா கை நீட்டிக் காகிதத்தைக் கேட்டான். பிறகு பேனாவை வாங்கினான். ஜெயித்துவிட்ட உற்சாகம் மாமசாலிக்குத் தெருமுனை வரைதான் இருந்தது. அதற்கப்பால், சூராகானின் பெயரைச் சந்தையில் கூவி விற்றுவிட்டு வந்ததுபோல் வாய் கசந்தது.

புதுக் குடியிருப்பு மோசமில்லை. வீடுகளில் குளியலறை இருந்தது, தண்ணீரும் வந்தது. ஆனால் முதல் வசந்தம் வருவதற்குள் எல்லையில் வேறெங்கோ இரு பக்கக் காவலர்களும் சுட்டுக்கொண்டார்கள், வாசலைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த வசந்தத்திலும் திறக்கவில்லை. மக்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் படையெடுத்தபோது அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். தாலாய்பெக் பதவி உயர்ந்து மாகாணத் தலைநகருக்குப் போய்விட்டிருந்தார். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார்கள். வாசல் திறப்பதைப் பற்றி இருந்தது. கூடவே ‘சூழ்நிலை அனுமதித்தால்’ என்றும் இருந்தது.

தாலாய்பெக் எட்டாத உயரத்தில் இருந்தார். மாமசாலி எட்டும் தூரத்தில் இருந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கல்யாணங்களுக்கு நகரத்திலிருந்து ஒரு இளைஞனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தேநீர்க்கடையில் அவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. சலாம் சொன்னால் பதில் வந்தது. மார்க்கம் கட்டளையிட்ட அளவுக்கு மட்டும் வந்தது.

ரஷ்யாவில் வேலை பார்க்கும் மகள் போனில் கூப்பிட்டாள். “இங்க வந்துடுங்கப்பா.”

“நான் வந்துட்டா உங்கம்மாவுக்கு யாரு இருக்கா?”

“இப்ப மட்டும் போய்ப் பாக்குறீங்களாக்கும்.”

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு, வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு, வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்க மாவட்ட அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

போனார், உட்கார்ந்தார், திரும்பினார். பிறகும் போனார். ஊரையே அசைத்த பேச்சு அந்த நடைக்கூடத்தில் எடுபடவில்லை. ஏன் என்று அவருக்கு மெல்ல விளங்கியது. ஊராரிடம் பேசியபோது அவருக்குப் பின்னால் அரசாங்கம் நின்றது. இப்போது அவருக்குப் பின்னால் ஒரு ஆளும் இல்லை.

எல்லை வாசலுக்கும் போய் நின்றார். அந்தப் பக்கம் காவலுக்கிருந்த தாஜிக் அதிகாரி முதலில் துரத்தினார். பிறகொரு நாள் உற்றுப் பார்த்தார்.

“எங்க சித்தி மக கல்யாணத்துல பேசினது நீங்கதானே? எங்க மாமாவை மேசை மேல ஏத்தி ஆட வச்சீங்க.”

“அவர் தானாத்தான் ஏறினாரு. நான் கையத்தான் தட்டினேன்.”

அதிகாரி சிரித்துவிட்டார். “உங்க அரசாங்கம் எழுதிக் கேட்டா நான் மேல அனுப்புறேன் அண்ணே. அதுக்கு மேல என்னால ஆகாது.”

அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு அவர் இங்கும் அங்கும் நடந்தார். கோடை போய்க் குளிரும் போயிற்று. வசந்தத்தில் ஒரே ஒரு நாள் வாசல் திறக்கும் என்று அறிவித்தார்கள். அந்த மாதம் இரு நாட்டுத் தலைவர்களும் சந்திப்பதாக இருந்தது. கைகுலுக்கும் செய்தியோடு போட நல்ல படம் ஒன்று தேவைப்பட்டது. தன் நடையா, அந்தப் படமா, எது வாசலைத் திறந்தது என்று மாமசாலிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஒரு கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உக்காருங்க அக்கா.”

“எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு.”

கபர்ஸ்தானில் புல் இடுப்புவரை வளர்ந்திருந்தது. மாடுகள் மிதித்த தடம் இருந்தது, யாரும் உடைத்த தடம் இல்லை. மாமசாலி கையாலேயே புல்லைப் பிடுங்கினார். சூராகானிடம் சொல்வதற்கென்று என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தார். அதற்குப் பதில் கபரின் மேல் மண்ணைக் கையால் தடவிச் சமன் செய்தார். தொலைக்காட்சிப் பெண் ஒருத்தி ஓடி வந்து மைக்கை நீட்டினாள். “சந்தோஷமா ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்!” வாழ்நாளில் நீட்டிய மைக்கை வேண்டாமென்றவர் இல்லை அவர். தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் புல்லைப் பிடுங்கினார்.

கல்முர்சா தன் தாய்க்கு ஓதி முடித்து எழுந்தான். இரண்டடி வைத்தவன் நின்றான். திரும்பி வந்து சூராகானின் தலைமாட்டில் குந்தி மறுபடி ஓதினான். மாமசாலியும் கைகளை ஏந்தினார்.

“நல்லா இருப்படா” என்றார்.

“அக்காவுக்குத்தான் ஓதினேன். உங்களுக்கில்ல” என்று சொல்லிவிட்டுக் கல்முர்சா போய்விட்டான்.

அவர் கைகளை ஏந்திய படம் எல்லாச் செய்திகளிலும் வந்தது. ஒரு வாரம் கழித்துத் தாலாய்பெக்கே போன் செய்தார்.

“அண்ணே, அசத்திட்டீங்க! மேல இருக்குற ஊரு ஒண்ணும் கைமாறப் போகுது. கபரைக் காட்டி அடம் பிடிக்கிறாங்க. நீங்க வந்து சொல்லணும். வண்டி அனுப்புறேன்.”

“என்னன்னு சொல்லணும்?”

“உள்ளதைத்தான். வாசல் தொறந்துச்சு, போனோம், ஓதினோம்னு.”

“ஒரு நாள் தொறந்துச்சுன்னு சொல்றேன்.”

“அந்த ‘ஒரு நாள்’ எதுக்குண்ணே? தொறந்துச்சுன்னாப் போதாதா?”

மாமசாலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ கம்பளத்தை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லா வீடுகளுக்கும் ஒரே நிறக் கூரை.

“வண்டி அனுப்பாத தம்பி.”

“யோசிச்சுச் சொல்லுங்க. அங்க உங்க ஊர்க்காரங்களே உங்ககிட்டப் பேசுறதில்லன்னு கேள்விப்பட்டேன். நாங்களும் இல்லன்னா உங்களுக்கு யாரு இருக்கா?”

“யாருமில்லதான்” என்று சொல்லிப் போனை வைத்தார். அதன்பின் எந்தத் தேர்தலுக்கும் அவர் வாசலில் வண்டி வந்து நிற்கவில்லை.

அந்த வியாழக்கிழமை, இறந்தவர்களுக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று பெண்கள் எண்ணெய் காய்ச்சும் நேரத்தில், அவரும் மாவு பிசைந்தார். இதுவரை செய்ததில்லை, எண்ணெயில் முதலில் போட்ட ரொட்டித் துண்டுகள் கருகின. பொன்னிறமாக வந்தவற்றைத் தட்டில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் வீட்டில் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டில் கல்முர்சாவின் மனைவி திறந்தாள். தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒரு துண்டை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, “போய்ச் சேரட்டும்” என்றாள்.

உள்ளே வரச் சொல்லவில்லை. கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினாள்.