உருளைக்கிழங்குத் தோல்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நிலையத்தில் என் ரயில் பிந்துகிறது. மரவாங்கில் பக்கத்தில் இருக்கும் வயதான அம்மா, துணி முடிச்சை அவிழ்த்து, அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை நீட்டுகிறார். ஊர்ப் பழக்கத்தில் தோலை உரித்துக் குப்பை வாளியில் போடுகிறேன். அவர் வாளியையே பார்க்கிறார்.

பிறகு ஜேர்மன் மொழியான டொச்சில் மெல்லச் சொல்கிறார். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுகிறது.

“ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில உக்ரைனில எங்கட கிராமத்துக்கு ஜேர்மன் ஆமிக்காரர் வந்து, குமர்ப்பிள்ளையளை இஞ்சத்தைத் தொழிற்சாலைக்குப் பிடிச்சுக்கொண்டு வந்தவை. நானும் ஒருத்தி. குசினியில எறியிற தோலைப் பொறுக்கித்தான் சூப் வைப்பம். சண்டை முடிஞ்சும் ஊருக்குப் போகேல்லை. போனா, எதிரிக்கு வேலை செய்தவள் எண்டு எங்கட அரசாங்கமே சிறையில அடைச்சுப்போடும் எண்ட பயம். இண்டைக்கும் தோலோடதான் தின்னுறன்.”

நான் வெட்கப்படுவதைக் கண்டு சிரிக்கிறார். இன்னொரு கிழங்கை எடுத்துத் தானே உரிக்கத் தொடங்குகிறார்.

“நீர் உரிச்சே சாப்பிடும், தம்பி. இப்ப சண்டை இல்லைத்தானே.”

“எங்கட ஊரில நடக்குதம்மா. அதாலதான் வந்தனான்.”

“அம்மா, அப்பா?”

“அங்கதான்.”

அவருடைய விரல்கள் நின்றுவிடுகின்றன. பாதி உரித்த கிழங்கை என் உள்ளங்கையில் வைத்து மூடுகிறார்.

மிச்சத் தோலோடு அதைச் சாப்பிடுகிறேன்.