எங்கள் தெருவைச் சிவப்பாக்கிய வரைபடம்

திருத்தணியில் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. போன மாதம் ஒரு மதியம், கழுத்தில் அடையாள அட்டை தொங்க இருவர் வந்தார்கள். கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். அதில் எங்கள் தெரு முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"பாறையிலேர்ந்து ரேடான்னு ஒரு வாயு வீட்டுக்குள்ள வந்துகினே இருக்குதுங்க. வாசனை தெரியாது. நுரையீரல்ல புற்றுநோய் வரும். இது பொதுத் தகவல், யார் வேணா பாக்கலாம்" என்றார் ஒருவர். வாயுவைத் தடுக்க, தரை முழுக்க அவர்கள் விற்கும் பூச்சை இன்றே பூச வேண்டுமாம்.

என் மாமியாருக்கு நாள்பட்ட இருமல். கணவர் பயந்துபோய், "பூசிடலாம் விஜயா" என்றார்.

எனக்கு அந்த அவசரம்தான் உறுத்தியது. "பள்ளிப்பட்டுல என் தங்கச்சி வீட்டையும் பாருங்களேன்" என்றேன். அதுவும் அதே சிவப்புதான். கைப்பேசியை வாங்கி, எங்கள் ஊர் ஏரியின் நடுவில் விரலை வைத்தேன். 'வீட்டுக்குள் ரேடான்: அபாயம்' என்று அங்கேயும் வந்தது.

"ஏரிக்குள்ள யாருங்க வீடு கட்டிகினு இருக்கிறது?" என்றேன். இருவரும் கைப்பேசியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போனபோது விசாரித்தேன்.

"ஆங், ரேடான் நிஜந்தாம்மா. ஆனா உங்க வீட்ல எவ்ளோன்னு, அங்கியே கருவி வெச்சு அளந்தாதான் தெரியும். காத்தோட்டமா வெச்சுக்கோங்க" என்றார். இருமலுக்குக் காரணம் ஆஸ்துமாவாம்.

குரங்குகளுக்குப் பயந்து மூடியே வைத்திருந்த ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்துத் திறந்துவிட்டோம். இப்போது யார் எந்தத் தகவலைக் காட்டினாலும், "இதை யாரு, எந்த வீட்ல அளந்தாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.