இரண்டு நிமிசம் வெளியாலை இரு!

எதிரெதிராய் நிற்கும் இரண்டு அணிகளும் ஒற்றுமையாய்த் திட்டுவதற்கென்றே வைத்திருக்கிற ஆளுக்கு மத்தியஸ்தர் என்று பெயர். பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்கப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், கலியாண வீட்டில் பந்திக்கு ஆள் விடும் வாசலில் நின்று பேர் கெட்டவர்கள், சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி விட்டு வீட்டுக்குப் பின்வழியால் போனவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரஜனி. ஊர் யாழ்ப்பாணம், பதினாறு வருடமாய் இருப்பது இத்தாலியில் பலேர்மோ, செய்வது வீட்டு வேலை. விளையாடுவது ஐஸ் ஹாக்கியின் தம்பியை. பலேர்மோவில் ஐஸ் இருப்பது மீன் பெட்டியில் மட்டுந்தான் என்பதால், நாங்கள் சீமெந்துத் தரையில் சில்லுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, வளைந்த மட்டையால் ஒரு பிளாஸ்டிக் வட்டைத் துரத்துகிறோம். ஒரு பக்கத்துக்கு நாலு பேர், ஒரு கோல்காப்பாளர். மகள் அழுது வாங்கிய சப்பாத்து மூன்று கிழமையில் அவளுக்குப் புளித்துப் போனது. என் காலும் அதே அளவு. முப்பத்தொன்பது வயதில் போட்டேன், விழுந்தேன், எழும்பினேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும் ஒரு அணியில் என்னையும் சேர்த்தார்கள். அதுவரைக்கும் வாழ்க்கை நிம்மதியாகத்தான் இருந்தது.

நல்லா இத்தாலியன் தெரிஞ்ச ஆள்

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்கு மத்தியஸ்தர் கிடைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு அணியும் ஒரு ஆளைப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் தலைவன் கயேத்தானோ, மருந்துக்கடையில் வேலை செய்பவன், உடை மாற்றும் அறையில் எழும்பி நின்று யார் போகிறீர்கள் என்று கேட்டான். எல்லாரும் தங்கள் சப்பாத்து நாடாவைப் பார்த்தார்கள். "சட்டப் புத்தகம் படிக்கவேணும், ஆக்களோட வாதாடவேணும். நல்லா இத்தாலியன் தெரிஞ்ச ஆளாப் பாப்பம்" என்றான். சொல்லும்போதே அவனுடைய கண் வரிசையாக ஒவ்வொருவரிலும் நின்று நின்று வந்தது. என்னிடம் மட்டும் நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போனது.

எனக்கு விசில் ஊதுகிற ஆசை ஒரு துளியும் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கண் எனக்கு நன்றாகப் பழக்கமானது. விசாவுக்குப் போகும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில், தபால் கந்தோரில், மகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாம் கண்டது. கையைத் தூக்கினேன். கயேத்தானோவின் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு விருப்பமோ, ரஜனி?" என்று கேட்டான். "விருப்பமில்லை. ஆனா நான்தான் போறன்" என்றேன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் எங்கள் கோல்காப்பாளர் சால்வோ குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"விருப்பத்தோட போன ஒருத்தரும் ரெண்டாம் நாள் திரும்பிப் போகேல்லை. நீ தங்குவாய்."

மன்னிப்புக் கேட்ட விசில்

பயிற்சி தந்தவள் மார்த்தா. இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய அம்மாவாக இருக்கக்கூடிய வயது எனக்கு. முதல் நாள் எங்கள் ஏழு பேரையும் அரங்கின் நடுவில் நிறுத்தி, "ஊதுங்கோ" என்றாள். மற்ற ஆறு பேரும் ஊத, வெளியே மரத்தில் இருந்த புறாக்கள் பறந்தன. நான் ஊத, பக்கத்தில் நின்றவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூச்சில் குறையில்லை. பதினாறு வருடமாய் நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறேன். கதிரையை இழுக்காமல் தூக்கி வைக்கிறேன். யாராவது நித்திரை கொண்டால் தட்டுகளுக்கு நடுவில் துணி வைத்துத்தான் அடுக்குகிறேன். நான் இருப்பது தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்கு நல்ல பெயர். மார்த்தா என்னைத் தனியே கூப்பிட்டு, "சின்யோரா, நீங்கள் விசில் ஊதேல்லை, மன்னிப்புக் கேட்டனீங்கள்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் உண்மை. அடுத்த நாள் வேலை முடிந்ததும் துறைமுகப் பக்கம் போய், மதிலோரம் நின்று, பதினாறு வருடத்தையும் சேர்த்து ஊதினேன். நாப்போலிக் கப்பலுக்கு வரிசையில் நின்ற லொறியொன்று சடாரென்று பிறேக் பிடித்தது. சாரதி பயந்துபோய்த் தலையை வெளியே நீட்டினார்:

"சின்யோரா, நான் எந்தப் பக்கத்தாலை எடுக்கிறது?"

நான் அழித்த கோல்

ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவன் பிழை செய்தால் மத்தியஸ்தர் உடனே ஊதக்கூடாது. கையை மட்டும் உயர்த்திக்கொண்டு, பிழை செய்த அணி வட்டைத் தொடும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடிவாங்கியவர்கள் அதற்குள் கோல் போட்டுக்கொண்டால் அது அவர்களுக்கு லாபம். சோதனைத் தாளில் இதைப் பிழையில்லாமல் எழுதினேன். முதலாவது ஆட்டத்தில் ஒருவன் மற்றவனின் காலை மட்டையால் இழுத்ததைக் கண்டதும், எல்லாச் சட்டமும் மறந்து ஊதிவிட்டேன். அதே கணத்தில் வட்டு வலைக்குள் போனது. கோல் போட்டது அடிவாங்கிய அணி. விசிலுக்குப் பிறகு போனது கோல் இல்லை.

அந்த அணியின் தலைவன் தொத்தோ, கபோ சந்தையில் மீன் விற்கிறவன். மீன் விற்கிற குரலிலேயே கத்தினான். "பிழை என்ரை. ஆனா ஊதியாச்சு. கோல் இல்லை" என்றேன். ஒரு கோலால் தோற்றார்கள். செவ்வாய்க்கிழமை நான் மீன் வாங்க வேண்டியிருந்தது. கபோவில் வேறு கடையா இல்லை? நான் நேரே தொத்தோவின் கடைக்குத்தான் போனேன். இன்றைக்கு ஒளித்தால் இனி வாழ்நாள் முழுக்க வேறு தெருவால் சுற்றிப் போகவேண்டும். கத்தரிக்காய்க்காரன், ஒலிவ்காரன், வாங்க வந்த சனம் என்று பாதிச் சந்தைக்கும் அவன் அந்தக் கோலை நடித்துக் காட்டினான். நான் அசையாமல் நின்று, "அரைக் கிலோ சாளை" என்றேன். நிறுத்துச் சுற்றி என் கையில் தந்தான்:

"இந்தா. ஒண்டு பழுதாயிருந்தாலும் நான் முடிவை மாத்தமாட்டன்."

சனம் கதைக்குது

கோடு போட்ட மத்தியஸ்தர் சட்டையோடு நான் நிற்கும் படத்தை மகள் போனில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்க, எங்கள் ஆட்களில் பெரிய மனிதரான ஒருவர் என்னை நோக்கி வந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. "தங்கச்சி, குறை நினைக்காதையும். சனம் கதைக்குது" என்றார்.

"என்னெண்டு அண்ணை கதைக்குது?"

"பொம்பிளைப் பிள்ளை வச்சிருக்கிறீர். ஆம்பிளையளுக்கு நடுவிலை சில்லுச் சப்பாத்தோட ஓடித் திரியிறது..."

"ஓடித் திரியேல்லை அண்ணை. அவங்கள் ஓடுவாங்கள், பிழை விட்டா நான் வெளியாலை அனுப்புவன். இஞ்சை வந்து கதைக்கச் சொல்லுங்கோ அந்தச் சனத்தை. நான் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அரங்கிலை நிப்பன்." அவர் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு செருப்புத் தேடப் போனார். அவர் தள்ளிப் போனதும் மனைவி என் கையைப் பிடித்தார்:

"பிள்ளை, உந்தச் சப்பாத்து என்ரை கால் அளவிலையும் கிடைக்குமோ?"

பதினேழாம் நம்பர்

இனிச் சொல்லப்போவது சிரிப்புக் கதை இல்லை. நான் காலையில் வேலை செய்த வீட்டுச் சின்யோராவுக்கு ஒரே மகன், பெதெரிக்கோ. சட்டத்தரணி. வீட்டில் அவரை 'அவ்வொக்காத்தோ' என்றுதான் கூப்பிடுவேன். அவரும் ஒரு அணியில் விளையாடுகிறார் என்பது, அவர் அரங்குக்குள் இறங்கிய அன்றுதான் எனக்குத் தெரியும். என்னைக் கண்டு சிரித்தார். நானும் தலையாட்டினேன். இரண்டாம் பாதியில் ஒரு பொடியனின் முதுகைப் பார்த்து மட்டையால் ஓங்கி அடித்தார். நான் கையை உயர்த்தினேன். இந்த முறை பொறுத்திருந்து ஊதினேன். "பதினேழாம் நம்பர், இரண்டு நிமிசம் வெளியாலை."

அவர் போகவில்லை. சில்லை உருட்டி எனக்குக் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ரஜனி, நாளைக்குக் காலமை நீ எங்கை வேலைக்கு வரவேணும் எண்டு நினைவிருக்கோ?" என்றார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற வருடம் அது. அந்த வீட்டு ஒப்பந்தக் கடிதத்தை வைத்துத்தான் விண்ணப்பம். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில், உடை மாற்றும் அறையில் என்னைத் தாண்டிப் போன கண்ணைவிட நூறு மடங்கு கனம் இருந்தது. மத்தியஸ்தரை வெருட்டினால் பத்து நிமிடம். மீண்டும் ஊதினேன். "பதினேழு, இன்னும் பத்து நிமிசம்." அரங்கின் மற்றப் பக்கத்தில் மத்தியஸ்தராய் நின்ற மார்த்தா வேகமாய் வந்து, என்ன சொன்னான் என்று கேட்டாள். சொன்னேன். அவள் தன் குறிப்பு அட்டையை எடுத்தாள்:

"சொல்லுக்குச் சொல் அப்பிடியே திருப்பிச் சொல்லுங்கோ சின்யோரா, நான் எழுதுறன்."

திங்கட்கிழமை

ஒளிக்காமல் எட்டு மணிக்குப் போனேன். சின்யோரா மேசையில் இருந்தா. கோப்பியை நான் வைத்ததும் தொடங்கினா. "ஆக்களுக்கு முன்னாலை என்ரை மகனை அவமானப்படுத்தினியாம். அவனிட்டை மன்னிப்புக் கேள். பிறகு நாங்கள் இதை மறந்திடுவம்." எட்டு வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அவ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது நான். "சின்யோரா, இஞ்சை நான் ஏதும் உடைச்சா மன்னிப்புக் கேப்பன். அங்கை நான் ஒண்டும் உடைக்கேல்லை" என்றேன். "அப்ப இந்த மாதத்தோட சரி" என்றா. குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட. நான் எதிர்த்துக் கதைப்பேன் என்று அவ கனவிலும் நினைத்திருக்க மாட்டா. நானுந்தான்.

பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை. வேறு வேலை கிடைக்க ஐந்து கிழமை எடுத்தது. அந்த ஐந்து கிழமையும் பெர்மெசோவை நினைத்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. கடைசியில் கயேத்தானோதான், தன் மருந்துக்கடைக்கு வரும் ஒரு வயதான தம்பதியிடம் எனக்காகக் கதைத்தான். ஒப்பந்தம் எழுதி, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நிற்கும் என் மனிசன் யோகனுக்குப் போன் எடுத்து, வேலை போய்விட்டது, நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று விம்மினேன். பின்னால் சட்டிகள் மோதும் சத்தம். பிறகு கேட்டார்:

"அவன் அந்தப் பொடியனை அடிச்சவனோ? ஓம் எண்டா, பன்ரெண்டு நிமிசம் காணாது."

கோட்டுக்கு அங்காலை

இரண்டு மாதம் கழித்து, வருடக் கடைசிப் போட்டி. தொத்தோவின் அணியும் பெதெரிக்கோவின் அணியும். என்னை மாற்றச் சொல்லிப் பெதெரிக்கோவின் அணி கடிதம் கொடுத்திருந்தது. மார்த்தா போன் எடுத்து, "நீங்கள் விலகினா எனக்கு வேலை இலேசு. ஆனா விலகச் சொல்லி நான் கேக்கமாட்டன்" என்றாள். "நான் விலகேல்லை" என்றேன்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்க, இரண்டு அணியும் சமம். பெதெரிக்கோ அடித்த வட்டு கோல்காப்பாளரின் காலுக்குக் கீழால் நழுவிக் கோட்டைக் கடந்தது. உடனே கால் அதைப் பின்னால் இழுத்துவிட்டது. நான் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கடந்ததைக் கண்டேன். கோல் என்றால், பயந்துவிட்டாள் என்பார்கள். இல்லை என்றால், பழிவாங்கினாள் என்பார்கள். எப்படியும் திட்டு விழும் என்றான பிறகு, கண்டதைச் சொல்வதில் என்ன நட்டம்? வலையை நோக்கிக் கையை நீட்டினேன். கோல். தொத்தோ மட்டையை எறிந்துவிட்டு, சந்தைக்கே கேட்கும் குரலில், "இவ அவன்ரை வீட்டிலை வேலை செய்யிறவ!" என்று கத்தினான். மட்டையை எறிந்ததற்கு அவனுக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தேன். பெதெரிக்கோ தலைக்கவசத்தைக் கழற்றினார். வேர்வை வழிந்தது. என்னைப் பார்க்காமல், தொத்தோவைப் பார்த்துச் சொன்னார்:

"இப்ப இல்லை. இவ போனாப் பிறகு வந்த மூண்டு பேரும் நிண்டு பிடிக்கேல்லை, அம்மா என்னோட கதைக்கிறதையும் விட்டிட்டா."

இவ்வளவு நாளில் நான் படித்தது என்னவென்றால், சரியான முடிவைச் சொல்ல ஒரு விநாடி போதும், சொன்ன பிறகு அந்தப் பத்துப் பேரோடும் சேர்ந்து பஸ் தரிப்பிடம் வரை நடந்து போவதுதான் கஷ்டம், அதையும் நான் அவசரப்படாமல்தான் நடக்கிறேன்.